ஈறுல கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி

பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தா நம்ம ஊர்ல பொதுவா ரெண்டு பதில்தான் கிடைக்குது. "அழுத்தித் தேச்சிருப்பே, பேஸ்ட்டை மாத்து, சரியாயிடும்"ங்கிறது முதல் பதில். பல வருஷம் கழிச்சு பல் ஆட ஆரம்பிச்சதும் வர்றது ரெண்டாவது பதில்: "ஈறைக் கிழிச்சு சுத்தம் பண்ணணும், இல்லேன்னா பல்லை எடுத்துட்டு இம்ப்ளான்ட் வெச்சுடலாம்." இந்த ரெண்டுக்கும் நடுவுல பத்து வருஷமோ பதினஞ்சு வருஷமோ ஓடியிருக்கும். ஈறு நோய்க்கான உண்மையான வைத்தியம் அந்த நடுவுலதான் இருக்கு. அதைப் பத்தி யாரும் பேசாததுதான் எனக்கு ஆத்திரமா இருக்கு. கத்தியும் வேணாம், தையலும் வேணாம், பெரிய மிஷினும் வேணாம். அம்பது வருஷத்துக்கு மேலா ஆராய்ச்சி பண்ணி உறுதியான வைத்தியம் அது. ஆனா சாதாரணமா இருக்கிறதாலயே அதை யாரும் வைத்தியம்னு மதிக்கிறதில்லை.

நான் சொல்ல வர்றது இதுதான். ஈறு நோய்க்கு மூல வைத்தியம் பல் மேலயும் வேர் மேலயும் படியுற கிருமிப் படலத்தை எடுக்கிறது. அதை வீட்ல தினமும் எடுக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு சர்ஜரி தேவைப்படாது. எடுக்காதவங்களுக்கு சர்ஜரி பண்ணினாலும் பலன் நிக்காது. இந்தக் கடைசி வரி கொஞ்சம் கடுமையாத் தெரியலாம். ரெண்டுக்குமே ஆதாரம் இருக்கு, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல, ரத்தம் ஏன் வருதுங்கிறது. 1960-கள் வரைக்கும் இதுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிட்டிருந்தாங்க. சத்துக் குறைவு, பரம்பரை, வயசு, கடிக்கிற விதம் சரியில்லைன்னு பட்டியல் நீளமா இருந்துச்சு. 1965-ல ஹரால்ட் லோ என்கிற நார்வே நாட்டு ஆராய்ச்சியாளரும் அவரோட சகாக்களும் டென்மார்க்ல ஒரு எளிமையான சோதனை பண்ணினாங்க. ஈறு ஆரோக்கியமா இருந்த 12 பேரை (பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள்) பல் தேய்க்கிறதை முழுசா நிறுத்தச் சொன்னாங்க. பத்து நாள்ல இருந்து மூணு வாரத்துக்குள்ள அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கிடுச்சு. ஒருத்தர்கூட தப்பலை. திரும்பத் தேய்க்க ஆரம்பிச்சதும் சுமார் ஒரு வாரத்துல எல்லாருக்கும் ஈறு பழையபடி ஆயிடுச்சு. சாப்பாடு மாறலை, வயசு மாறலை, பரம்பரை மாறலை. மாறினது பல் மேல படிஞ்ச அழுக்கு மட்டும்தான். அதனால ரத்தம் வந்தா அழுத்தித் தேய்ச்சதைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி, எந்த இடத்துல தேய்க்காம விட்டோம்னு பார்க்கணும். ஆனா நாம என்ன பண்றோம்? ரத்தம் வர்ற இடத்துக்கு வலிக்கப் போகுதேன்னு பிரஷ்ஷையே கொண்டுபோறதில்லை. அங்க அழுக்கு இன்னும் சேருது, வீக்கம் கூடுது, அடுத்த தடவை ரத்தம் இன்னும் அதிகமா வருது. பயந்து ஒதுக்கின இடம்தான் முதல்ல கெட்டுப்போகுது.

வெறும் ஈறு வீக்கத்தோட நின்னா அது முழுசா குணமாகிற நோய். கவலைப்பட வேண்டியது அடுத்த கட்டம். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இயல்பாவே ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். ஆரோக்கியமா இருந்தா 3 மில்லிமீட்டருக்கு மேல போகாது. கிருமிப் படலம் உள்ள இறங்கிட்டா, அதை எதிர்த்து உடம்பு பண்ற சண்டையில பல்லைப் பிடிச்சிருக்கிற நார்களும் எலும்பும் கரையுது, பள்ளம் ஆழமாகுது. பல் டாக்டர்கள் இதைத்தான் 'பாக்கெட்'னு சொல்றாங்க. அந்தப் படலம் எச்சில்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்தோட சேர்ந்து இறுகினா காரை. காரை உருவாகிட்டா எந்த பிரஷ்ஷாலயும் எடுக்க முடியாது. இத்தனையும் பெரும்பாலும் வலியே இல்லாம நடக்கும். பல் சொத்தை ராத்திரி தூங்கவிடாம ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போகும். ஈறு நோய் அப்படி இழுக்காது. 'வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டு விட்டு, பல் ஆடுறப்போதான் போறோம். உலக சுகாதார நிறுவனத்தோட 2022 அறிக்கைப்படி உலகத்துல 100 கோடிப் பேருக்கு மேல தீவிரமான ஈறு நோய் இருக்கு. இத்தனை பேர் வாயில சத்தமில்லாம வளர்ற நோய் இது.

சரி, அழுக்குதான் காரணம்னா, ஒழுங்கா பல்லே தேய்க்காத சிலபேருக்கு எழுபது வயசுலயும் பல் கெட்டியா இருக்கே, அது எப்படி? இந்தக் கேள்வி நியாயமானது. இதுக்குப் பதில் கிடைச்ச இடம் நமக்கு ரொம்ப நெருக்கமானது. இலங்கை மலையகத்துல டன்சினன், ஹரோன்னு ரெண்டு தேயிலைத் தோட்டங்கள். அங்க வேலை பார்த்த 480 ஆண் தொழிலாளர்களை (பெரும்பாலும் மலையகத் தமிழர்கள்) 1970-ல இருந்து 1985 வரைக்கும் அதே ஹரால்ட் லோவோட குழு திரும்பத் திரும்பப் பரிசோதிச்சது. அவங்களுக்கு பிரஷ், பேஸ்ட் பழக்கம் இல்லை, பல் வைத்திய வசதியும் இல்லை. எல்லார் பல்லிலயும் அழுக்கும் காரையும் இருந்துச்சு, எல்லார் ஈறும் வீங்கியிருந்துச்சு. ஆனா நோய் எல்லாருக்கும் ஒரே வேகத்துல போகலை. 8 சதவீதம் பேருக்கு வேகமா அழிஞ்சது, 81 சதவீதம் பேருக்கு மிதமான வேகம், 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கலை. வேகமா அழிஞ்ச அந்த 8 சதவீதத்துல சராசரியா 35 வயசுல 12 பல் போயிருந்துச்சு, 40 வயசுல 20 பல், 45 வயசுல வாயில பல்லே இல்லை. 1986-ல வெளியான இந்த ஆய்வை உலகம் முழுக்க பல் மருத்துவ மாணவர்கள் இன்னைக்கும் படிக்கிறாங்க. வசதியே எட்டாத நம்ம மக்கள் பல்லை இழந்து கொடுத்த பாடம் அது. அது நம்ம வீடுகளுக்கு இன்னும் வந்து சேரலைங்கிறது எனக்கு உறுத்தலாவே இருக்கு.

அந்தப் பாடத்துல ரெண்டு விஷயம் இருக்கு. அழுக்கு இல்லாம இந்த நோய் தொடங்காது. தொடங்கினப்புறம் எவ்வளவு வேகமா போகும்ங்கிறதை அவங்கவங்க உடம்பு தீர்மானிக்குது. "எங்க தாத்தா வேப்பங்குச்சிதான் வெச்சுத் தேய்ச்சாரு, கடைசிவரைக்கும் முறுக்கு கடிச்சாரு"ன்னு சொல்றவங்க பொய் சொல்லலை. அந்தத் தாத்தா 11 சதவீதத்துல ஒருத்தரா இருந்திருக்கலாம். ஆனா பேரன் எந்தக் கூட்டத்துல இருக்கான்னு இருபது வயசுல கண்ணாடியைப் பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது. அதே மாதிரி, "எங்க வம்சத்துல நாப்பதுலயே பல் கொட்டிடும்"னு கைவிட்டுடறதும் தப்பு. சீக்கிரம் அழியுற உடம்புவாகு பரம்பரையா வரலாம், ஆனா அது அழிக்கணும்னா அழுக்கு வேணும். பரம்பரையை மாத்த முடியாது, அழுக்கை எடுக்க முடியும். வம்சத்துல இந்த நோய் இருக்கிறவங்கதான் மத்தவங்களைவிட சீக்கிரமா, மத்தவங்களைவிட கவனமா ஆரம்பிக்கணும்.

இப்போ வைத்தியத்துக்கு வரலாம். பாக்கெட் உருவாகிடுச்சுன்னா பல் டாக்டர் பண்றது டீப் க்ளீனிங். மரத்துப்போக ஊசி போட்டு, அதிர்ற கருவியாலயோ கையால பிடிக்கிற மெல்லிய கருவியாலயோ ஈறுக்குக் கீழ வேர்ப் பரப்பு வரைக்கும் போய் படலத்தையும் காரையையும் எடுக்கிறாங்க. ஈறைக் கிழிக்கிறதில்லை. கேட்டா சின்ன வேலை மாதிரி இருக்கும். ஆனா 1980-களோட தொடக்கத்துல பாடர்ஸ்டென், நில்வேயஸ், ஏகல்பெர்க் மூணு பேரும் ஒற்றை வேர்ப் பற்கள்ல இதை மட்டும் பண்ணி, மாசக்கணக்குல தொடர்ந்து அளந்தாங்க. 12 மில்லிமீட்டர் வரைக்கும் ஆழமான பாக்கெட்டுகள்கூட கணிசமா குறைஞ்சது. கைக் கருவியோ அதிர்வுக் கருவியோ, பலன்ல பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொண்ணும் தெரிஞ்சது: குணமாகிறது ஒரு வாரத்துல முடியுற வேலை இல்லை, பல மாசம் படிப்படியா நடக்குது. 2020-ல ஐரோப்பிய ஈறு நோய் மருத்துவக் கூட்டமைப்பு சிகிச்சை வழிகாட்டி தயாரிச்சப்போ, இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தாங்க. ஆறிலிருந்து எட்டு மாசத்துல சுமார் 74 சதவீதம் பாக்கெட்டுகள் மூடிக்குதுன்னு கணக்கு வந்துச்சு. அதாவது நாலு பாக்கெட்டுல கிட்டத்தட்ட மூணு, கத்தியே படாம.

மூடிக்கிறதுன்னா என்ன அர்த்தம்னு சரியா புரிஞ்சுக்கணும். அழுக்கு போனதும் வீக்கம் வத்தி ஈறு சுருங்குது, வேரோட திரும்ப இறுக்கமா ஒட்டிக்குது, கிருமி போய் ஒளிஞ்சுக்க இடம் இல்லாம போகுது. கரைஞ்சுபோன எலும்பு பெரும்பாலும் பழைய உயரத்துக்கு வளராது. அதைத் திருப்பிக் கொண்டுவருவோம்னு யாராவது பேஸ்ட்டோ எண்ணெயோ வித்தா நம்பாதீங்க. அழிவு நிக்குது, மிச்சம் இருக்கிற பிடி காப்பாத்தப்படுது. ஒரு பல்லை இன்னும் இருபது முப்பது வருஷம் வாயில வெச்சிருக்க அது போதும்.

இங்கதான் முக்கியமான எதிர்வாதம் வரும். "கண்ணால பார்க்காம ஈறுக்குக் கீழ தடவித் தடவி எடுத்தா முழுசா போகுமா? ஈறைத் திறந்து, நேரா பார்த்து சுத்தம் பண்றதுதானே சரி?" இந்த வாதத்துல உண்மை இருக்கு. ஆழமான பாக்கெட்டுல, அதுவும் கடைவாய்ப் பல்லோட வேர்கள் பிரியுற இடத்துல, மூடின நிலையில கொஞ்சம் காரை தங்கிடத்தான் செய்யும். ஆனா சர்ஜரியால எல்லா இடத்துலயும் லாபம் வராது. 1982-ல ஸ்வீடன்ல லிண்டேவும் குழுவும் ரெண்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ஆழம் சுமார் 5.4 மில்லிமீட்டரைத் தாண்டின இடங்கள்லதான் சர்ஜரி பல்லோட பிடியை அதிகமா கூட்டிச்சு. சுமார் 4.2 மில்லிமீட்டருக்குக் கம்மியான இடத்துல சர்ஜரி பண்ணினா இருந்த பிடியும் குறைஞ்சது. (சாதாரண சுத்தத்துக்கும் அப்படி ஒரு எல்லை இருக்கு, சுமார் 2.9 மில்லிமீட்டர். அதனால ஆரோக்கியமான ஈறுக்குக் கீழ தேவையில்லாம சுரண்டுறதும் கூடாது.) 2020 வழிகாட்டியும் இதே திசையில்தான் போகுது. முதல் படி, வீட்டுப் பழக்கத்தைச் சரிபண்றது, ஈறுக்கு மேல இருக்கிற காரையை எடுக்கிறது, புகையிலையையும் ரத்தச் சர்க்கரையையும் கட்டுப்படுத்துறது. ரெண்டாவது படி, டீப் க்ளீனிங். அப்புறம் சில மாசம் விட்டு திரும்ப அளக்கணும். 4, 5 மில்லிமீட்டர்ல நிக்கிற இடத்தைத் திரும்ப சுத்தம் பண்ணலாம். 6 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ நிக்கிற இடத்துக்குத்தான் சர்ஜரி யோசனை. அந்த மிச்ச இடங்களுக்கு சர்ஜரி நல்ல வைத்தியம்தான். எலும்பு பள்ளமா கரைஞ்சிருக்கிற சில இடங்கள்ல எலும்பை வளர்க்கவும் அது உதவுது. எனக்கு சர்ஜரி மேல எந்தக் கோபமும் இல்லை. அளக்காம, காத்திருக்காம, ரெண்டு படியைத் தாண்டிக் குதிச்சு மூணாவது படியில நிக்க வைக்கிறதுதான் பிரச்சினை.

அப்படிக் குதிக்கிறது ஏன் ஆபத்துங்கிறதுக்கு இன்னொரு ஸ்வீடன் ஆய்வு இருக்கு. 1977-ல நைமன், லிண்டே, ரோஸ்லிங் மூணு பேரும் 25 நோயாளிகளுக்கு அஞ்சு விதமான ஈறு சர்ஜரி பண்ணிட்டு, அதுக்கப்புறம் அழுக்கு சேராம பார்த்துக்கிற தொடர் பராமரிப்பு கொடுக்காம ரெண்டு வருஷம் கவனிச்சாங்க. எந்த முறையில பண்ணியிருந்தாலும் பாக்கெட் திரும்பி வந்துச்சு, பிடி இன்னும் குறைஞ்சது. அதே மாதிரி சர்ஜரிகளைப் பண்ணி, ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை கூப்பிட்டு சுத்தம் பண்ணிவிட்ட இன்னொரு ஆய்வுல ஈறு நல்லா குணமாச்சு, எலும்புப் பள்ளங்கள்கூட நிரம்பிச்சு. கத்தி ஒண்ணுதான், கத்திக்குப் பின்னாடி இருந்த பழக்கம் வேற. அழுக்கைக் கட்டுப்படுத்த முடியாதவங்களுக்கு சர்ஜரி செய்ய வேணாம்னு 2020 வழிகாட்டி வெளிப்படையாவே சொல்லுது. "எனக்கு டெய்லி இதெல்லாம் பண்ண நேரமில்லை டாக்டர், ஒரேயடியா சர்ஜரி பண்ணி முடிச்சுடுங்க"ன்னு கேக்கிறவங்க இதை ஒருதடவை யோசிக்கணும். ஒரேயடியா முடியுற வைத்தியம் இந்த நோய்க்குக் கிடையாது.

அடுத்த எதிர்வாதம் டாக்டர்கிட்ட இல்லை, தெருவுல கேக்கிறது. "க்ளீனிங் பண்ணினா பல் ஆடும், பல்லுக்கு நடுவுல சந்து விழும், எனாமல் தேஞ்சு கூச்சம் வரும்." இதை நம்பி ஆயுசுக்கும் க்ளீனிங்கே பண்ணாதவங்க ஏராளம். அவங்க பார்த்தது உண்மை, அதுக்குச் சொல்ற காரணம்தான் தப்பு. எலும்பு ஏற்கனவே கரைஞ்ச இடத்துல காரை பல்லோட பல்லை ஒட்டி வெச்சிருக்கும், வீங்கின ஈறு சந்தை மறைச்சிருக்கும். காரை போய் வீக்கம் வத்தினதும் அடியில ஏற்கனவே நடந்திருந்த சேதம் கண்ணுக்குத் தெரியுது. அதனால முதல் சில வாரம் பல் கொஞ்சம் தளர்வா இருக்கிற மாதிரியும், திறந்த வேர்ல பச்சைத்தண்ணி பட்டா கூசுற மாதிரியும் இருக்கும். ஈறு இறுகினதும் ஆட்டம் பெரும்பாலும் குறையும், கூச்சத்துக்கு அதுக்குன்னு இருக்கிற பேஸ்ட் உதவும். காரையை விட்டுவெச்சா பல் கெட்டியா நிக்கும்னு நினைக்கிறது, கரையான் அரிச்ச தூணுக்கு சுண்ணாம்பு அடிச்சு வெச்ச கதைதான்.

வீட்ல என்ன பண்ணணும்? பிரஷ் எவ்வளவு விலைங்கிறதைவிட எங்க படுதுங்கிறதுதான் முக்கியம். மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேர்ற கோட்டுல 45 டிகிரி சாய்வா வெச்சு, சின்னச் சின்ன அசைவா, ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்சம் நின்னு, ரெண்டு நிமிஷமாவது தேய்க்கணும். காலையில ஒருதடவை, ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒருதடவை. நம்ம வீடுகள்ல காலைத் தேய்ப்பு தவறாது, ராத்திரித் தேய்ப்புதான் விட்டுப்போகுது. ஆனா எவ்வளவு நல்லாத் தேய்ச்சாலும் ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கிற பக்கங்களுக்கு பிரஷ் போகாது. ஈறு நோய் பெரும்பாலும் அங்கதான் தொடங்குது. அதுக்குத்தான் பாட்டில் கழுவுற பிரஷ்ஷோட குட்டி வடிவம் மாதிரி இருக்கிற இன்டர்டென்டல் பிரஷ். சந்து இருக்கிற இடத்துல, பல் இடுக்கைச் சுத்தம் பண்ற நூலைவிட (ஃப்ளாஸ்) இது நல்லா வேலை செய்யுது. சந்து இல்லாம நெருக்கமா இருக்கிற பல்லுக்கு நூல் போதும். ஒரே வாயில ரெண்டு மூணு அளவு தேவைப்படும். லேசா உரசிட்டுப் போற அளவுதான் சரி, திணிக்கக் கூடாது. உங்களுக்கு எந்தச் சந்துக்கு எந்த அளவுன்னு டாக்டர்கிட்ட உட்கார்ந்து போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்க. முதல் வாரம் ரத்தம் வரும், வந்தாலும் நிறுத்தாதீங்க. ஒரு வாரம் பத்து நாள்ல குறையணும். குறையலைன்னா உள்ள காரையோ பாக்கெட்டோ இருக்குன்னு அர்த்தம், வீட்டு வேலையால மட்டும் அது போகாது. (ஈறோட சேர்ந்து மூக்குலயும் ரத்தம் வர்றது, உடம்புல காரணமில்லாம கன்னிப்போறதுன்னு இருந்தா அது ஈறு விஷயமா இல்லாம இருக்கலாம், பொது மருத்துவரை உடனே பாருங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க அதைத் தானா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லணும்.)

"அப்போ உப்பு, கரித்தூள், நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு எல்லாம் வீணா?" ஒவ்வொண்ணையும் தனியாப் பார்க்கணும். கரித்தூளும் செங்கல்பொடியும் கெடுதல்தான், சொரசொரப்பா இருக்கிற பொடி பல்லையும் திறந்த வேரையும் தேய்ச்சுடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணி வீங்கின ஈறுக்கு இதமா இருக்கும், அவ்வளவுதான். நல்லெண்ணெய்க் கொப்பளிப்பை நான் ஒரேயடியா ஒதுக்கலை. 2009-ல வெளியான ஒரு சென்னை ஆய்வுல 20 பையன்கள்கிட்ட சோதிச்சுப் பார்த்தப்போ, பத்து நாள்ல அழுக்கும் ஈறு வீக்கமும் குறைஞ்சது தெரிஞ்சது. ஆனா ரொம்பச் சின்ன ஆய்வு, அதுவும் ஆரம்பக்கட்ட வீக்கத்துல. இறுகின காரையை எண்ணெய் கரைக்காது, 6 மில்லிமீட்டர் பாக்கெட்டோட அடிக்குப் போகாது. தேய்ச்சுட்டு அதுக்கு மேல கொப்பளிக்கிறதுல தப்பில்லை, தேய்க்கிறதுக்குப் பதிலா கொப்பளிச்சா நோய் உள்ள போயிட்டே இருக்கும். கடையில விக்கிற மவுத்வாஷுக்கும் இதே கணக்குதான். குளோர்ஹெக்சிடின் அதுல வலுவானது. க்ளீனிங்குக்கு அப்புறம் கொஞ்ச நாளைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தா உபயோகிக்கலாம். வாரக்கணக்குல தொடர்ந்தா பல்லுல பழுப்புக் கறை படியும், நாக்குல ருசி மாறும்.

மாத்திரையும் லேசரும் பத்தி ரெண்டு வார்த்தை. ஈறு வீங்கினா மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கிறது நம்மகிட்ட பெரிய பழக்கம். வீக்கம் வத்தும், சில வாரத்துல திரும்ப வரும், ஏன்னா படலமா ஒட்டியிருக்கிற கிருமிக் கூட்டத்தை மருந்து லேசுல ஊடுருவாது. அதைக் கருவியால கலைச்சாதான் போகும். வழக்கமா எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்க வேணாம்னுதான் 2020 வழிகாட்டி சொல்லுது. சின்ன வயசுலயே வேகமா அழியுற சில நோயாளிகளுக்கு மட்டும் டாக்டர் யோசிச்சுக் கொடுக்கலாம். டீப் க்ளீனிங்கோட லேசரையும் சேர்த்துக்கச் சொல்லி அந்த வழிகாட்டி பரிந்துரைக்கலை. கூடுதல் பணம் கேட்டா, எதுக்குன்னு தைரியமா கேளுங்க.

அழுக்குக்கு அடுத்தது உடம்பு. புகையிலை இந்த நோயை ரெண்டு விதமா வளர்க்குது. ஈறோட எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குது, ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்தக் கசிவையும் குறைச்சுக் காட்டுது. அதனால சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ரத்தம் வராமலே உள்ள அழியும், எச்சரிக்கையே கிடைக்காது. வெற்றிலை பாக்கோட புகையிலையை ஒதுக்கி வெச்சுக்கிறவங்களுக்கு, வெச்ச இடத்துலயே ஈறு இறங்கும், புற்றுநோய் அபாயம் தனி. அடுத்தது சர்க்கரை நோய். 2023-ல வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வோட மதிப்பீட்டுல இந்தியாவுல சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லைன்னா ஈறு வேகமா அழியுது, ஈறுல வீக்கம் இருந்தா சர்க்கரை கட்டுப்படாம அடம்பிடிக்குது. 2022-ல காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததுல, ஈறு நோய்க்கு சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு மூணு நாலு மாசத்துல எச்பிஏ1சி (கடந்த சில மாசத்து ரத்தச் சர்க்கரை நிலையைக் காட்டுற அளவு) சராசரியா 0.43 புள்ளி குறைஞ்சிருந்துச்சு. பல்லைச் சுத்தம் பண்ணி ரத்தச் சர்க்கரையில இவ்வளவு மாற்றம் வருதுன்னா அது சாதாரண விஷயம் இல்லை. கண்ணையும் காலையும் பரிசோதிக்கிற மாதிரி ஈறையும் பரிசோதிக்கணும்னு ஒவ்வொரு சர்க்கரை நோயாளிகிட்டயும் சொல்லணும்.

கடைசியா செலவு. "இதுக்கெல்லாம் மாசாமாசம் யார் போறது?" எல்லாரும் மாசாமாசம் போக வேண்டியதில்லை. ஸ்வீடன்ல கார்ல்ஸ்டாட் நகரத்துல ஆக்சல்சனும் லிண்டேவும் 1972-ல 375 பேரை ஒரு தடுப்புத் திட்டத்துல சேர்த்தாங்க. சுத்தம் பண்றதைச் சொல்லிக் கொடுத்து, முதல்ல அடிக்கடியும் பின்னாடி அவங்கவங்க தேவைக்கு ஏத்த மாதிரியும் கூப்பிட்டுப் பார்த்தாங்க. பிற்பாடு பெரும்பாலானவங்களுக்கு வருஷத்துக்கு ஒருதடவையே போதுமா இருந்துச்சு. 30 வருஷம் கழிச்சு 257 பேரைப் பரிசோதிச்சப்போ, ஒருத்தர் சராசரியா இழந்தது ஒரு பல்கூட இல்லை. அதுலயும் பெரும்பாலானது வேர் உடைஞ்சு போனது. அம்பது வயசுக்கு மேல திட்டத்துல சேர்ந்தவங்களும் அந்தக் கூட்டத்துல உண்டு. வயசானா பல் விழத்தான் செய்யும்ங்கிற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியலை. ஒரு இம்ப்ளான்ட்டுக்கு ஆகுற செலவுல பல வருஷத்து க்ளீனிங்கை முடிச்சுடலாம். தனியார் கிளினிக் கட்டுப்படியாகலைன்னா அரசு பல் மருத்துவக் கல்லூரிகளும், பல் பிரிவு இருக்கிற அரசு மருத்துவமனைகளும் இருக்கு. இன்னொண்ணு, வெச்ச இம்ப்ளான்ட்டைச் சுத்தியும் இதே மாதிரி நோய் வரும். பல்லைப் பிடுங்கிட்டா சுத்தம் பண்ற வேலை மிச்சம்னு நினைச்சா ஏமாந்துதான் போவீங்க.

அதனால அடுத்த தடவை பல் டாக்டர்கிட்ட போகும்போது மூணு கேள்வி கேளுங்க. "ஒவ்வொரு பல்லைச் சுத்தியும் பாக்கெட் எவ்வளவு ஆழம்னு அளந்து எழுதித் தருவீங்களா?" "எனக்கு எந்த அளவு இன்டர்டென்டல் பிரஷ், எப்படிப் போடணும்?" "டீப் க்ளீனிங் முடிஞ்சு எத்தனை மாசத்துல திரும்ப அளப்பீங்க?" நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்கு சந்தோஷப்படுவார். அளக்கிறதுக்கு முன்னாடியே யாராவது சர்ஜரின்னு சொன்னா, இன்னொரு ஈறு நிபுணர்கிட்ட காட்டுங்க. ரெண்டாவது தடவை அளந்தப்புறமும் ஆழம் 6 மில்லிமீட்டருக்குக் குறையாம, ரத்தமும் நிக்காம இருந்தா, அந்த இடத்துக்கு மட்டும் சர்ஜரி பண்ணிக்கோங்க, பயப்பட வேணாம். அதுக்குள்ள தினமும் சுத்தம் பண்ற பழக்கம் உங்க கைக்கு வந்திருக்கும், சர்ஜரியோட பலனைக் காப்பாத்தப் போறதும் அதேதான். சீழ் வந்தாலோ, முகம் வீங்கிக் காய்ச்சல் அடிச்சாலோ மட்டும் எதுக்கும் காத்திருக்காம அன்னைக்கே போயிடுங்க.